தூக்கம் கெட்டால் கைக்குத் தொழில் வராதா?

கேள்வி: எனக்கு வயது 36. ஊர் திற்பரப்புப் பக்கம். வளைகுடாவில் ஒரு கிட்டங்கியில் பல வருஷம் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு ஊர் திரும்பி நாலு மாசம் ஆகிறது. அப்பாவுக்கு உடம்பு முடியாததால், எங்கள் 120 ரப்பர் மரத்தையும் இனி நானே வெட்டலாம் என்று மாமாவிடம் பால்வெட்டு பழகி வருகிறேன். ஒன்று விட்ட ஒரு நாள் வெட்டு. வெட்டு நாளில் 3 மணிக்கு எழ வேண்டும் என்று முந்தின இரவு 8 மணிக்கே படுத்துவிடுவேன். 12 ஆனாலும் கண் மூடாது. வெட்டு இல்லாத நாளுக்கு 10 மணிக்குப் படுத்தாலும் அதே 12தான். காலை 7 வரை தூங்குவேன். மாமா சொல்லித்தந்தது அடுத்த வெட்டுக்குள் மறந்துவிடுகிறது. ஒன்று, கத்தி தடியில் பட்டு மரம் காயமாகிறது. இல்லையென்றால் மேலோடு போய்ப் பால் வருவதில்லை. மாமாவுக்கு இரண்டே மாசத்தில் கை வந்ததாம். தூக்கம் இல்லாததால்தான் எனக்குக் கை வரவில்லையா? மெடிக்கல் ஸ்டோரில் சொல்லி வாங்கிய அல்பிரசோலம் மாத்திரையை மூன்று வாரமாக, வெட்டுக்கு முந்தின இரவில் பாதி போடுகிறேன். தொடரலாமா? இது மறதி நோயின் ஆரம்பமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் எழுதியிருப்பதில் மறதி நோய்க்கான அறிகுறி எதுவும் தெரியவில்லை. தெரிந்த வழியில் திசை தவறுவது, சொந்தக்காரர் பெயர் வராமல் போவது, கொடுத்த காசையே மறுபடி கொடுப்பது என்று இருந்தால் பேச்சு வேறு. முந்தாநாள் அரைத்தூக்கத்தில் கேட்ட நுணுக்கம் இன்று நினைவில் இல்லை என்பது அந்தக் கணக்கில் வராது.

உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி நீங்கள் போகிற போக்கில் எழுதியதுதான்: எத்தனை மணிக்குப் படுத்தாலும் 12. விட்டால் 7 வரை தூக்கம். அதாவது ஏழு மணி நேரம் தூங்கும் திறன் உங்கள் உடம்பில் அப்படியே இருக்கிறது. அது 12 முதல் 7 வரை என்ற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் அதை 8 முதல் 3 வரை கேட்கிறீர்கள். பல வருஷ நைட் ஷிஃப்டுக்குப் பிறகு உடல் கடிகாரம் பின்தங்கி நிற்பதில் வியப்பில்லை. போதாக்குறைக்கு ஒரு நாள் 3 மணி, மறுநாள் 7 மணி என்று எழுகிறீர்கள். ஒன்று விட்ட ஒரு நாள், நாலு மணி நேர வித்தியாசமுள்ள நாட்டுக்குப் போய் வருவது போன்ற அவதி இது. எந்தக் கடிகாரமும் இதில் நிலைகொள்ளாது.

8 மணிக்குப் படுப்பது இன்னொரு வகையில் கெடுக்கிறது. வழக்கமான தூக்க நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம், உடம்பு நாளிலேயே மிக விழிப்பாக இருக்கும் நேரங்களில் ஒன்று. அந்த நேரத்தில் படுத்தால் தூக்கம் வராது. வராதபோது "3 மணிக்கு எழணுமே" என்ற கணக்கு ஓடும். நாலு மாசம் இப்படிக் கிடந்தால், படுக்கையைக் கண்டாலே மனசு விழித்துக்கொள்ளப் பழகிவிடும். வாரம் 3 இரவுக்குக் குறையாமல், 3 மாசத்துக்குக் குறையாமல், பகலையும் பாதிக்கும் தூக்கக் குறைவை நாங்கள் நாள்பட்ட தூக்கமின்மை என்போம். உங்களுடையது பாதி அது, பாதி கடிகாரக் கோளாறு. நல்லவேளையாக இரண்டுக்கும் வைத்தியம் ஏறக்குறைய ஒன்றே.

இனி கைக்கு வருவோம். மாமா சொன்னது மறந்துபோவதும் கை வராததும் ஒரே குறை என்று நினைக்கிறீர்கள். மூளைக்கு அவை இரண்டு வேறு வேலைகள். 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு, வலிப்புக்காக மூளையின் இரு பக்கமும் ஹிப்போகாம்பஸ் பகுதியை எடுத்தார்கள். அதன்பின் புதிதாக நடந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர், கண்ணாடியில் மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் இரண்டு கோடுகளுக்கு நடுவே பென்சில் ஓட்டும் பயிற்சியை அவருக்கு மூன்று நாள் கொடுத்தார். முந்தின நாள் செய்ததே அவருக்கு நினைவில்லை. ஆனால் கை நாளுக்கு நாள் தேறியது. "30 டிகிரி சரிவு, இடது மேல், வலது கீழ்" என்று மாமா சொல்வதை வாங்கிவைப்பது ஒரு பக்கம். கத்தி எந்த அழுத்தத்தில் ஓடினால், பட்டைக்கும் தடிக்கும் நடுவே உள்ள வளரும் படலமான கேம்பியத்துக்கு மேலே 1 மில்லிமீட்டர் பட்டை மிஞ்சும் என்று மணிக்கட்டு தெரிந்துகொள்வது வேறு பக்கம்.

தூக்கம் இரண்டிலும் கை வைக்கிறது, ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக ஓடும் தூக்கத்தில், ஆழ்ந்த பகுதி முன்னிரவில் கூடுதல். கனவுத் தூக்கமும், இரண்டாம் நிலை எனப்படும் நடுத்தரத் தூக்கத்தின் பெரும்பகுதியும் பின்னிரவில். சொல்லாகக் கற்றது பதிய ஆழ்ந்த தூக்கம் அதிகம் உதவுகிறது. கைப்பழக்கம் பதிவதில் இரண்டாம் நிலைக்குப் பங்குண்டு. அதில் அரை நொடி முதல் இரண்டு நொடி வரை வந்துபோகும் ஸ்பிண்டில் என்ற மூளை அலைத் துடிப்புகளுடன் இதை இணைத்துப் பேசுகிறார்கள். 2002-இல் மேத்யூ வாக்கரும் சகாக்களும் செய்த சோதனையில், ஐந்து எண்கொண்ட வரிசையை விரல்களால் வேகமாகத் தட்டப் பழகியவர்கள் ஓர் இரவு தூங்கி எழுந்தபின், கூடுதல் பயிற்சி எதுவும் இல்லாமல், சுமார் 20 சதவீதம் வேகம் கூடியிருந்தார்கள். அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களிடம் அது இல்லை. விடியலை ஒட்டிய இரண்டாம் நிலைத் தூக்கம் அதிகம் கிடைத்தவருக்குப் பலனும் அதிகம். 3 மணிக்கு அலாரம் வைப்பவர் இழப்பது அந்தப் பகுதியைத்தான்.

இதை மந்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த 20 சதவீதத்தில் ஒரு பங்கு விரல் களைப்பு தீர்ந்ததால் வந்தது, தூக்கம் திறமையைக் கூட்டுவதைவிடக் கரையாமல் காப்பதுதான் அதிகம் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. தூக்கமின்மை உள்ளவர்களைக் கண்ணாடி வரைவு போன்ற வேலைகளில் சோதித்தபோது, இரவு கழிந்து அவர்கள் பெற்ற முன்னேற்றம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. ஆனால் அவை சிறு குழுக்களில் செய்தவை. நினைவுச் சோதனைகளை மொத்தமாகத் தொகுத்துப் பார்த்தால், தூக்கமின்மையால் வரும் குறை சிறிது முதல் மிதமானது வரைதான். சோதனைத் தாளில் தெரியும் குறையைவிட அவர்களுக்கே தோன்றும் குறை பெரிது. ஆக, தூக்கம் உங்கள் கையைத் தாமதப்படுத்துகிறது, தடுக்கவில்லை. மாமாவுக்கு இரண்டு மாசத்தில் வந்தது உங்களுக்கு நாலைந்து மாசம் ஆகலாம். அவ்வளவுதான்.

பதிவதைவிடக் கூடுதலான சேதம் கற்கும் நேரத்திலேயே நடக்கிறது என்பது என் கணிப்பு. தூக்கம் குறைந்தவரின் கவனம் ஒரே சீராக மங்காது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே ஓரிரு நொடி அறுந்துபோகும். பால்வெட்டில் ஒரு சீவலுக்கு எடுக்கும் பட்டை சுமார் 1.5 மில்லிமீட்டர் தடிமன். அந்த ஒரு நொடி அறுப்பில் கத்தி தடியைத் தொட்டுவிடும்.

உங்கள் பிழை எந்த வகை என்று மரத்திலேயே பார்க்கலாம். வெட்டு முடிந்து பால் எடுக்கப் போகும்போது, காயமான இடத்துக்கு நேர் மேலே சுண்ணாம்பால் ஒரு புள்ளி. ஆழம் போதாத வெட்டுக்கு ஒரு கோடு. மரங்களை வெட்டும் வரிசைப்படி ஒரு நோட்டில் இரண்டு வாரம் குறியுங்கள். புள்ளிகள் முதல் பத்து மரத்தில் மட்டும் குவிந்திருந்தால், அது எழுந்தவுடன் இருக்கும் தூக்கக் கலக்கம். கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை நீளும். எழுந்து அரை மணி கழித்துக் கத்தியைத் தொட்டால் குறையும். பிந்தின மரங்களில், அங்கொன்றும் இங்கொன்றுமாக, நல்ல வெட்டுகளுக்கு நடுவே திடீரென்று ஆழமாக இருந்தால் கவனம் அறுந்தது. முதல் மரத்திலிருந்து கடைசி வரை ஒரே இடத்தில், சொல்லப்போனால் வெட்டு முடியும் வலது ஓரத்திலேயே காயம் என்றால், அது தூக்கம் சம்பந்தப்பட்டதே அல்ல. மரத்தைச் சுற்றிக் கால் நகராமல் கையை மட்டும் நீட்டுகிறீர்கள். கடைசி முழத்தில் மணிக்கட்டு திரும்பிக் கத்தி உள்ளே சாய்கிறது. அதற்கு டாக்டர் தேவையில்லை, மாமா போதும். எல்லா மரத்திலும் கோடுதான் அதிகம் என்றால் பயந்து வெட்டுகிறீர்கள்; பழகுகிறவருக்கு அது நல்ல பக்கத்துப் பிழை. ஆழம் குறைந்தால் ஒரு நாள் பால் போகும். கேம்பியம் கிழிந்தால் புதுப்பட்டை முண்டு முண்டாக வளர்ந்து, பிறகு வெட்டுவதே சிரமமாகும்.

இனி தூக்கத்துக்கு வழி. 120 மரத்துக்கு 3 மணி எதற்கு? அது 300, 400 மரம் வெட்டுபவரின் கணக்கு. விடியுமுன் பட்டைக்குள் அழுத்தம் கூடுதலாக இருப்பதால் பால் நன்றாக ஓடும் என்பது உண்மை. வெயில் ஏற ஏறக் குறையும் என்பதும் உண்மை. ஆனால் 5.30-க்குத் தொடங்கி 8 மணிக்குள் முடித்தால் நீங்கள் இழக்கும் பால், நீங்கள் இப்போது காயப்படுத்தும் மரங்களின் நஷ்டத்தைவிடக் குறைவு. மாமாவிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

எழும் நேரம் தினமும் 5 மணி. வெட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், மழை பெய்தாலும், ஞாயிறு என்றாலும். இதுதான் வைத்தியத்தின் ஆணிவேர். மற்றதெல்லாம் இதற்குத் துணை. படுக்கும் நேரத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. வெட்டு இரவில் 7 மணி நேரம் படுக்கையில் கிடந்து 3 மணி நேரம் தூங்குகிறீர்கள். மற்ற இரவில் 9 மணி நேரம் கிடந்து 7 மணி நேரம். சராசரி, 8 மணி நேரப் படுக்கையில் 5 மணி நேரத் தூக்கம். 63 சதவீதம்கூட இல்லை. 85 வர வேண்டும். அதனால் படுக்கை நேரத்தையே சுருக்குகிறோம்: இரவு 11.30 முதல் காலை 5 வரை, ஐந்தரை மணி நேரம். அதற்கும் கீழே போக வேண்டாம். 8 மணிக்குப் படுத்தவரை 11.30 வரை உட்காரச் சொல்வது தலைகீழாகத் தோன்றும். தூக்கப் பசி சேரட்டும் என்பதற்காகவே இது. 11.30 ஆகியும் தூக்கம் சொக்கவில்லை என்றால் படுக்காதீர்கள். படுத்து சுமார் 20 நிமிடம் ஆகியும் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து வேறு அறைக்குப் போய் மங்கிய விளக்கில் உட்காருங்கள், சொக்கியபின் திரும்புங்கள். கடிகாரம் கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும், போன் அறைக்கு வெளியே. அலாரத்துக்குப் பழைய மணிக்கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு வாரமும் சராசரி எடுங்கள். ஐந்தரை மணியில் 4 மணி 40 நிமிடத்துக்கு மேல் தூங்கியிருந்தால் 85 சதவீதம் வந்துவிட்டது. படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள். 80 முதல் 85 வரை என்றால் அந்த வாரம் மாற்ற வேண்டாம். அதற்கும் கீழே என்றால், கால் மணி கூட்டியிருந்ததைத் திரும்ப எடுத்துவிடுங்கள். நேரத்தை எழும் பக்கத்தில் கூட்டவே கூடாது. ஆறு நல்ல வாரத்தில் 10 மணிக்கு வந்துவிடலாம்; ஏழு மணி நேரம். அதன்பின் வேண்டுமென்றால் படுப்பது எழுவது இரண்டையும் சேர்த்து, நாலைந்து நாளுக்குக் கால் மணியாக முன்னே நகர்த்தி 9-க்கும் 4-க்கும் போகலாம்.

பின்தங்கிய கடிகாரத்தை இழுத்துவரக் காலை வெளிச்சம் உதவும். ரப்பர் தோட்டத்துக்குள் நிழல் அதிகம். தலைவிளக்கு வெளிச்சமும் போதாது. வெட்டு முடிந்ததும் அரை மணி நேரம் திறந்த வெளியில் இருங்கள். ரப்பர் ஷீட் உலர்த்தும் இடத்தில் வெயில் இருக்குமே, அந்த வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி 9 மணிக்குமேல் டியூப்லைட்டை அணைத்துச் சின்ன விளக்கு. கட்டஞ்சாயா மதியம் 12-க்குள் கடைசி; காபீன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடுதல். தூக்கத்துக்கென்று ஒரு குவார்ட்டர் போடும் வழக்கம் நம் பக்கம் உண்டு. நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: அது சீக்கிரம் தூங்கவைத்துப் பின்னிரவைச் சிதைக்கும், கைக்கு வேண்டிய அந்தப் பகுதியையே.

முதல் இரண்டு வாரம் பகல் தூக்கக் கிறக்கம் இப்போதைவிட அதிகமாகும். இதை எதிர்பார்க்காதவர்கள்தான் பாதியில் விடுகிறார்கள். அந்த இரண்டு வாரமும் மாமாவே பெரும்பகுதி வெட்டட்டும். நீங்கள் நன்றாக விடிந்தபின் 30 மரம் மட்டும். தாங்க முடியாவிட்டால் பிற்பகல் 2-க்குள் 20 நிமிடம் தூங்கலாம், அலாரம் வைத்து. பைக் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை-கண் ஒத்திசைவு, ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவரின் அளவுக்கு இறங்குகிறது என்று 1997-இல் ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இருவர் காட்டினார்கள். நம் நாட்டில் ஓட்டுநருக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.03தான். 3 மணிக்கு எழுந்த அன்று இரவு 8 மணிக்குக் குலசேகரம் சந்தைக்குப் பைக் எடுத்தால், ஒரு சொட்டுக் குடிக்காமலே அந்த எல்லையைத் தாண்டியவர் நீங்கள். வலிப்பு உள்ளவர்களும், மனம் சில காலம் அளவுமீறி உற்சாகமாகவும் சில காலம் சோர்ந்தும் மாறும் நோய் உள்ளவர்களும் இந்தப் படுக்கை நேரச் சுருக்கத்தை டாக்டர் மேற்பார்வை இல்லாமல் செய்யக் கூடாது.

பழகும் முறையிலும் சிறிது மாற்றுங்கள். ஒரு வெட்டுக்கு ஒரே ஒரு திருத்தம்: இன்று கால் நகர்வு, அடுத்த முறை ஆழம். மாமா சொன்னதை அங்கேயே போனில் குரலாகப் பதிந்து, அடுத்த வெட்டுக்குக் கிளம்புமுன் கேளுங்கள். சொல் நினைவின் சுமை கைமேல் ஏற வேண்டாம். பிற்பகலில் வெட்டிப்போட்ட பழைய ரப்பர் தடி ஒன்றில் 15, 20 நிமிடம் பழகினால் மரத்துக்குச் சேதமில்லை. கீழ்நோக்கி வெட்டுவது கைக்கு வரும்வரை, நீண்ட பிடிக் கத்தியால் மேல்நோக்கி வெட்டுவதை அதே காலையில் தொடாதீர்கள். ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு அசைவுகளை அடுத்தடுத்துப் பழகினால், இரண்டாவது முதலாவதைக் கலைத்துவிடக் கூடும். தூக்கமே இல்லாமல் எழுந்த நாளில் புதிதாக எதையும் கற்க வேண்டாம். பட்டையின் நிறத்தைப் பார்த்து ஆழத்தைக் கணிப்பது போன்ற கண் சார்ந்த பழக்கத்துக்கு, கற்ற அன்றைய இரவே முக்கியம். 2000-இல் ராபர்ட் ஸ்டிக்கோல்ட் குழு செய்த ஒரு பார்வைப் பயிற்சிச் சோதனையில், முதல் இரவு தூங்காதவர்களுக்கு, பிறகு இரண்டு இரவு நன்றாகத் தூங்கியும் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

மாத்திரை: தொடர வேண்டாம். அல்பிரசோலம் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 11 மணி நேரம் ஆகும். இரவு 10-க்குப் போட்டு 3 மணிக்குக் கத்தி பிடிக்கும்போது பாதிக்கும் மேல் உள்ளேயே இருக்கிறது. கையின் ஒத்திசைவைத் தளர்த்தும். மாத்திரையின் பிடியில் இருக்கும்போது கற்றது சரியாகப் பதியாது. ஆழ்ந்த தூக்கத்தையும் குறைக்கும். மறதி என்று நீங்கள் எழுதியிருப்பதில் அதற்கும் பங்கிருக்கலாம். சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத எச்1 பட்டியல் மருந்து அது. கடைக்காரர் கொடுத்தது தவறு. ஒன்று விட்ட இரவு, பாதி மாத்திரை, மூன்று வாரம் என்ற அளவில் நிறுத்துவது பெரும்பாலும் சிரமமாக இராது. ஓரிரு இரவு தூக்கம் இன்னும் மோசமாகலாம். எழுதியதைவிட அதிகம் போட்டிருந்தாலோ, தினமும் போட்டிருந்தாலோ சட்டென்று நிறுத்தாதீர்கள்; டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சளி மாத்திரையைத் தூக்கத்துக்குப் போடுவதும் வேண்டாம். மறுநாள் காலை மந்தம் அதில் பெரும்பாலும் உண்டு.

உங்களுடன் படுப்பவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: பலத்த குறட்டையும் நடுநடுவே மூச்சு நிற்பதும் உண்டா? படுத்ததும் கால் குறுகுறுத்து, ஆட்டினால்தான் ஆறுதல் என்று இருக்கிறீர்களா? முதலாவது தூக்க மூச்சுத்திணறலாக இருக்கலாம். அதற்குத் தூக்க ஆய்வு வேண்டும், மேலே சொன்ன முறை போதாது. இரண்டாவதற்கு, உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவை ரத்தத்தில் பார்க்க வேண்டும். 75-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து கொடுத்துப் பார்ப்போம். தைராய்டு, பி12 இரண்டையும் அப்போதே பார்த்துவிடலாம். ஊர் திரும்பியதிலிருந்து எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். 14416 என்ற இலவச எண்ணில், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் ஆலோசகர்கள் தமிழில் பேசுவார்கள்.

ஆறு வாரம் இதைச் செய்தும் 80 சதவீதத்தைத் தாண்டவில்லை என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். படுத்த நேரம், தூங்கியதாகத் தோன்றும் நேரம், எழுந்த நேரம், சாயா எத்தனை, வெட்டு உண்டா இல்லையா என்று இரண்டு வாரம் எழுதிய நோட்டையும், மிச்சமிருக்கும் மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.